ஆமன் திருப்பாதே என்ற திருகாணி

லூதர் மாமாவிடம் யாராவது ஒரு ரிவால்வரை நீட்டினால், முதலில் அதைத் தலைகீழாகப் புரட்டுவார். கைப்பிடியின் அடியில் குத்தியிருக்கும் எண்ணைப் படித்த பிறகுதான் கொண்டுவந்த ஆளின் முகத்தைப் பார்ப்பார். சில பேருடைய முகத்தைக் கடைசிவரை பார்க்காமலே அனுப்பியும் விடுவார். "எங்கண்ணன் பொண்ணு பார்க்கப் போனப்பவும் எண்ணைத்தான் தேடியிருப்பான். அதான் அறுபது வயசாகியும் ஒண்டிக்கட்டை" என்பாள் அம்மா. அவள் பொரிகடலைப் பொட்டலம் மாதிரி பிரெட்செல் முறுக்கு அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வேலை நேரம் கன்னாபின்னாவென்று மாறுவதால் நான் பாதி நாள் மாமா வீட்டில்தான் கிடக்கிறேன்.

மாமா பென்சில்வேனியாவில், எங்கள் லெபனான் மாவட்டத்துப் பள்ளிக்கூட பஸ்களை முப்பத்தைந்து வருஷமாக ரிப்பேர் பார்க்கிறவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். நான் பதினொன்றில் நிறுத்தினேன். எங்கள் குடும்பக் கணக்கில் இது ஒரு முன்னேற்றம்.

அவர் சேர்ப்பது ஒரே ஒரு வகைதான். மாசசூசெட்ஸில் ஒரு கம்பெனி குறி சுடும் போட்டிக்காரர்களுக்கென்று செய்த, பாயிண்ட் இருபத்திரண்டு அளவுக் குண்டு போடுகிற ரிவால்வர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் செய்தது, போருக்குப் பின்னால் செய்தது என்று பதினேழு இருக்கிறது. பதினேழும் என் கண்ணுக்கு ஒரே துப்பாக்கிதான். "எல்லாம் ஒண்ணுதானே மாமா" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை, சாப்பாட்டுக்கு நடுவே, "இதுல அஞ்சு ஸ்க்ரூ. அதுல நாலு ஸ்க்ரூ. குழாய் மேல ஓடுற பட்டை இதுல ஒல்லி, அதுல அகலம். ஒண்ணாம் ஒண்ணு!" என்றார். இருபது மணி நேரம் அதையேதான் மென்றுகொண்டிருந்திருக்கிறார்.

அதிலும் ஒன்று உண்டு. 1940இல் சில மாதம் மட்டும் செய்தார்கள். பழைய உடம்பு, ஆனால் குறி பார்க்கும் பின்முள் மட்டும் புதிது. திருகினால் டிக் டிக்கென்று நகரும். ஆயிரத்துச் சொச்சம் செய்வதற்குள் போர் வேலை வந்துவிட்டது. அந்த ஆயிரம் எந்த எண்ணில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மாமா இருபத்தைந்து வருஷமாக ஒரு பட்டியல் போடுகிறார். நாடு முழுக்க யார் வீட்டு அலமாரியில் எந்த எண் இருக்கிறது என்று கடிதம் எழுதி, போன் செய்து, கண்காட்சிக்குப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அட்டைகள் இருப்பது அவருடைய அம்மாவின் சமையல் குறிப்புப் பெட்டியில். சூப், கறி, கேக் என்று எழுதிய தடுப்புகள்கூட இன்னும் அப்படியே. 1940 வகை முழுக்கக் 'கேக்'கில் இருக்கும். இருநூற்றுப் பதினான்கு கேக்.

அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது லேசு இல்லை. மாமாவின் சட்டம் ஒன்று: கைப்பிடி மரக்கட்டையைக் கழற்றிக் காட்டாத துப்பாக்கிக்கு அட்டை கிடையாது. ஏனென்றால் பழைய துப்பாக்கியை யாராவது பின்னாளில் கம்பெனிக்கே திருப்பி அனுப்பி, புது முள் வைத்து வாங்கியிருக்கலாம். வெளியே பார்த்தால் அது அசல் 1940 மாதிரியே இருக்கும். அப்படித் திரும்பி வந்ததற்குக் கம்பெனி எண்ணுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம் குத்தும். கட்டைக்கு அடியில் இரும்பில் மாதமும் வருஷமும் குத்தும். மாமா கட்டையைக் கழற்றி, லென்ஸை வைத்துப் பார்த்து, "திரும்பி வந்தது" என்று இரண்டு வார்த்தை சொல்வார். எதிரே நிற்கிற பெரிய மனிதர் பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி ஆகிவிடுவார்.

ஒருமுறை கண்காட்சியில் நான் அவருடைய மேசையில் ஒரு பச்சை நீர்த்துப்பாக்கியை வைத்து, 'மிக அரிது' என்று சீட்டும் ஒட்டிவிட்டேன். மூன்று பேர் நின்று குனிந்து பார்த்தார்கள். மாமா என்னைத் திட்டவில்லை. ஓர் அட்டை எடுத்து, "பச்சை. எண் இல்லை. அடைப்பான் தொலைந்துவிட்டது. கைப்பிடி கழற்ற முடியாதது, ஆகவே பட்டியலில் சேர்க்கப்படவில்லை" என்று எழுதிக் 'கறி'யில் போட்டார்.

சட்டம் அப்படி. ஆனால் இருநூற்றுப் பதினான்கில் ஒன்று மட்டும் கட்டை கழற்றாமல் உள்ளே வந்தது. அதுவும் பட்டியலின் முதல் எண்.

அது ஆமன் கிரைசருடையது. ஆமனுக்கு இப்போது எண்பத்தொன்று. பால் லாரி ஓட்டியவர். எங்கள் வேட்டைக் கிளப்பின் நிலவறையில் அக்டோபர் தொடங்கி மே வரை செவ்வாய்க்கிழமை தோறும் குறி சுடும் போட்டி நடக்கும். நாற்பது வருஷம் அதில் ஆமன்தான் முதல், அல்லது இரண்டாவது. மாமா எப்போதும் கடைசி, அல்லது கடைசிக்கு முந்தினவர். "துப்பாக்கியைப் பத்தி இவனுக்குத் தெரியாததே இல்லை. குண்டு எந்தப் பக்கமா வெளியே போகும்கிறதைத் தவிர" என்பார் ஆமன். மாமாவுக்கு அதைக் கேட்டால் அவ்வளவு சந்தோஷம். அவரைக் கேலி செய்ய வேறு யாரும் மெனக்கெடுவதில்லை, என்னைத் தவிர.

ஆமன் சுட்டது தன்னுடைய அப்பாவின் ரிவால்வரால். அதில் ஒரு திருகாணியைக்கூட யாரும் திருப்பியது இல்லை என்பதுதான் அவருடைய பெருமை. இந்தக் கூட்டத்தில் இது பெரிய விஷயம். லென்ஸ் வைத்துத் திருகாணியின் பள்ளத்தைப் பார்ப்பார்கள். பள்ளத்தின் உதடு மழுங்காமல் இருந்தால், கருநீலப் பூச்சு உள்ளேயும் உதிராமல் இருந்தால், மூச்சு விடாமல் நிற்பார்கள். திருப்புளி படாத துப்பாக்கிக்குத்தான் மதிப்பு. ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் மதிப்புப் போய்விடும். பார்க்காவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இத்தனை வருஷமாக இவர்கள் இதை ஒரு சிக்கலாகவே நினைத்ததில்லை.

1997இல், தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த பிப்ரவரிக் கண்காட்சியில், ஆமன் அதை முதல்முறையாக மாமாவின் கையில் கொடுத்தார். இதை நான் பத்துப் பேர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். எண் ரொம்பக் கீழே இருந்தது, அதுவரை தெரிந்த எல்லா எண்ணுக்கும் கீழே. முள் புதிது. சுற்றிலும் நாற்பது பேர், கையில் கோழி சோள சூப்போடு.

"கட்டையைக் கழட்டிப் பாக்கட்டுமா அண்ணே?"

"அதுல ஸ்க்ரூடிரைவர் வெச்சே, உன் விரலைக் கழட்டி உன் பெட்டியில போட்டுடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பஸ் மெக்கானிக் லூதரை அதுவரை யாரும் எதையும் கேட்டது கிடையாது. இப்போது நாற்பது பேர் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ரொம்ப நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரியானது" என்றார்.

அன்றைக்கு எழுதிய அட்டையை நான் பார்த்திருக்கிறேன். கடைசி வரி: "அடியில், எண்ணுக்குப் பக்கத்தில், சிறு கீறல்."

அந்த ஒரு துப்பாக்கியை வைத்து மாமா ஒரு கொள்கையே கட்டினார். கம்பெனி முதலில் கீழ் எண்களில் கொஞ்சம் சோதனைக்குச் செய்து பார்த்திருக்கிறது, பிறகுதான் ஆயிரத்தைச் செய்தது என்று. சேகரிப்பாளர் சங்கப் பத்திரிகையில் அது நான்கு பக்கம் வந்தது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். "லூதர் சரின்னா சரி" என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

போன நவம்பரில் ஆமன் களஞ்சியத்துப் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மகள் வெர்னா அவரை ஸ்டோனி ரன் முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். அங்கே துப்பாக்கி கூடாது, மெழுகுவத்தி கூடாது, மின்சாரக் கம்பளி கூடாது. ஆமன் ரிவால்வரை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். விற்கவில்லை, கொடுத்தார். ஷெரிஃப் ஆபீசில் கைமாற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு நான்தான் சக்கர நாற்காலியைத் தள்ளினேன்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள், "உறவா?" என்று கேட்டாள்.

"இவனா? இவன் சுடுற லட்சணத்துக்கு எங்க உறவுன்னு சொன்னா எங்கப்பா எந்திரிச்சு வந்துடுவாரு" என்றார் ஆமன்.

வெளியே வந்து காரில் ஏற்றும்போது மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "லூதர், ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். ஒரு ஸ்க்ரூகூடத் திருப்பாதே. எங்கப்பா வெச்சது வெச்சபடி இருக்கணும்."

"சரிண்ணே."

"நான் செத்தப்புறமும்தான்."

"சரின்னுதானே சொல்றேன்."

இருபத்திரண்டு வருஷமாக மாமா ஆசைப்பட்ட பொருள் அது. கொண்டுவந்து கண்ணாடி அலமாரியில் மற்றதோடு வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஒரு துண்டில் சுற்றி, வேலை மேசையின் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

சங்கத்தார் பட்டியலைப் புத்தகமாகப் போடத் தீர்மானித்திருந்தார்கள். மாமாவின் பெயர் புத்தகத்தின் மேலட்டையிலேயே வரும். மார்ச் முடிவதற்குள் பிழை பார்த்து அனுப்ப வேண்டும். ஜனவரியில் ஒஹாயோவிலிருந்து மெரில் என்பவருடைய மின்னஞ்சல் வந்தது. மாமாவுக்குக் கம்ப்யூட்டர் ஆகாது, நான்தான் படித்துக் காட்டினேன். மெரிலிடம் இருந்த ரிவால்வரின் எண் ஆமனுடையதை விட நாற்பதே எண் கூடுதல். அவர் அதை மாமாவின் கட்டுரையை நம்பித்தான் வாங்கினார், சோதனைத் துப்பாக்கி என்று. கட்டை கழற்ற மனமில்லாமல் பட்டியலுக்கும் அனுப்பாமல் வைத்திருந்தார். இப்போது ஈரம் இறங்கித் துருப் பிடிக்குமோ என்று கழற்றினாராம். அடியில் தேதி இருந்தது. திரும்பி வந்தது. "இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. உங்கள் நண்பருடையதை நீங்கள் கழற்றிப் பார்த்துத்தானே சேர்த்திருப்பீர்கள்? அதை மட்டும் தெரிந்துகொள்ள ஆசை" என்று முடித்திருந்தார்.

"மறுபடி படி" என்றார் மாமா. படித்தேன். "கடைசி வரியை மட்டும்." படித்தேன்.

மெரில் திட்டியிருந்தால் மாமாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மரியாதையாகக் கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வாரம் வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார் என்றே சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் வராது. தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். காப்பியில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆமனைப் பார்க்கப் போவார். அங்கே சிரித்துப் பேசிவிட்டு வருவார். திரும்பி வரும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"மாமா, பார்த்துடுங்களேன். அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"அப்ப பார்க்காதீங்க. அந்த ஒஹாயோக்காரருக்கு 'பார்த்தேன்'னு நான் எழுதிடுறேன். ஒரு நிமிஷ வேலை."

என்னை முறைத்தார். நான் பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன். மீதிப் பாதி விளையாட்டு இல்லை.

"இருநூத்திப் பதிமூணு பேரை நிக்க வெச்சுக் கழட்டச் சொல்லியிருக்கேன்டி. ஒருத்தர் அழுதே போயிருக்காரு. அவங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

"அப்ப கழட்டுங்க."

"அவர் என்னைக் கேட்டது அது ஒண்ணுதானே."

இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் மாமா வீட்டு நிலவறைப் படியில் உட்கார்ந்து பீட்ரூட்டில் ஊறப்போட்ட முட்டையைத் தின்றுகொண்டிருந்தபோது, மாமா இழுப்பறையைத் திறந்தார். துண்டை விரித்தார். விளக்கைக் கிட்டே இழுத்தார். முதலில் திருப்புளியைத் தொடவில்லை. லென்ஸை எடுத்துக் கைப்பிடியின் அடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கீறல்தானே மாமா?"

"அஞ்சு முனை இருக்கு. ரெண்டு தேஞ்சிருக்கு."

"அன்னிக்குத் தெரியலையா?"

அவர் லென்ஸைத் துண்டில் துடைத்தார். "கூடத்துல டியூப்லைட்டு. சுத்தி அவ்ளோ பேரு. கீறல்னு நினைக்கணும்னு இருந்துச்சு, கீறலாத் தெரிஞ்சுது" என்றார்.

பிறகு திருப்புளியை எடுத்தார். அவருடைய திருப்புளிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பள்ளத்துக்கென்று அவரே அராவியவை. வைத்தால் பள்ளத்தில் தண்ணீர் மாதிரி நிறையும். ஒரு கீறல் விழாது. திருகாணியின் பள்ளம் நேர் படுக்கையாக, கடிகாரத்தில் ஒன்பது மணிக்கு முள் நிற்கிற மாதிரி நின்றது. "ஒன்பது. ஒன்பதுல திரும்ப நிறுத்திடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடித்துத் திருப்பினார். எழுபது வருஷம் அசையாத திருகாணி. லேசாக ஒரு முனகல் வந்தது. திருகாணியா மாமாவா என்று தெரியவில்லை.

கட்டை வந்தது. அடியில் எண்ணெய் காய்ந்த கறை. அதை எண்ணெய்த் துணியால் ஒற்றிவிட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். அரிசியை விடச் சின்ன எழுத்தில், எட்டு, ஒரு புள்ளி, நாற்பத்தொன்பது.

"திரும்பி வந்தது" என்றார். மற்றவர்களிடம் எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரலில்.

மறுபடி பூட்டும்போதுதான் தொல்லை. மரம் இத்தனை வருஷத்தில் வற்றியிருந்தது. திருகாணியை ஒன்பதில் நிறுத்தினால் கட்டை ஆடியது. இறுக்கினால் பள்ளம் ஒன்பதைத் தாண்டிப் போனது. மாமா பத்துத் தடவை முயன்றார். நெற்றி வியர்வை துண்டில் விழுந்தது.

"ஆடினா என்ன மாமா, அவர் சுடவா போறாரு?"

"ஆடுறதை விட்டா கட்டையில விரிசல் விழும்" என்று இறுக்கினார். அன்று சாயங்காலமே என்னை உட்கார வைத்து மெரிலுக்கு எழுதச் சொன்னார். நான்கே வரி. 'மன்னிக்கவும்' என்பதற்கு முன்னால் 'மிகவும்' போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

மறுநாள் ஞாயிறு. வெர்னா அப்பாவைச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள், எங்களையும் கூப்பிட்டிருந்தாள். துப்பாக்கியை ஒருமுறை கண்ணில் காட்டு என்று ஆமன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். பன்றிக் கறியும் பச்சை பீன்ஸும் ஆனபிறகு, வெர்னா மேசையைத் துடைத்தாள். ஆமன் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மாமா துண்டைப் பிரித்து வைத்தார். "அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார்.

ஆமன் காதில் அது விழவில்லை. கை நடுங்கியது. ஆனால் ரிவால்வரைக் கையில் எடுத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். எண்ணைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திருப்பினார். திருகாணியைப் பார்த்தார்.

"ஒன்பதரை" என்றார்.

வெர்னா துடைக்கும் துணியோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்பதுல இருக்கும். நான் பதினொரு வயசுலேர்ந்து பாக்குறேன். தூங்கும்போது கேட்டாலும் சொல்வேன். இது ஒன்பதரை."

"திருப்பினேண்ணே. தேதி இருக்கு. திரும்பி வந்தது. பட்டியல்ல..."

"பட்டியலா?" ஆமன் குரலை உயர்த்தவே இல்லை. "உன் பட்டியல்ல முதல்ல இருக்கணும்னு நான் எப்பவாவது கேட்டேனாடா? நீதான் சரின்னு சொன்னே. ஊரே கைதட்டுச்சு. நான் பாட்டுக்கு நின்னேன். நான் உன்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணு."

"கேட்டீங்க."

"நீயும் சரின்னே."

"சொன்னேன்."

"பொய் சொல்லவாவது தெரிஞ்சிருக்கா பாரு உனக்கு. ஆடினாலும் பரவாயில்லைன்னு ஒன்பதுல விட்டிருக்கக் கூடாது?"

ஆமன் துப்பாக்கியைத் துண்டில் வைத்துத் தள்ளிவிட்டார். "வெர்னா, என்னை ஹோம்ல கொண்டு விடு." வெர்னா இனிப்புப் பலகாரத்துக்காக அடுப்பில் வைத்திருந்த ஆப்பிளைக் காட்டினாள். "விடுன்னேன்."

அதற்குப் பிறகு மாமா இரண்டு ஞாயிறு ஸ்டோனி ரன்னுக்குப் போனார். இரண்டு முறையும் வரவேற்பில் இருந்த பெண், "தூங்குறாரு" என்றாள். இரண்டாவது முறை உள்ளே ஆமன் டிவியில் பேஸ்பால் ஆட்டக்காரரைத் திட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. "நல்லாத் தூங்குறாரு" என்றேன். மாமா சிரிக்கவில்லை.

பிழை திருத்தம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் எண் கோடு போட்டு அடிக்கப்பட்டது. சோதனைத் துப்பாக்கிக் கொள்கை முழுவதும் அடிக்கப்பட்டது. அடிக்குறிப்பு ஒன்று அவரே எழுதினார்: "இந்த எண்ணை 1997இல் சரியென்று சொன்னவன் நான். கட்டையைக் கழற்றாமல் சொன்னேன். துப்பாக்கியின் சொந்தக்காரர் அப்படி எதையும் சொல்லவில்லை." கடைசி வாக்கியம் தேவையா என்று சங்கத்தார் கேட்டார்கள். அது இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்றார்.

ஏப்ரல் கண்காட்சியில் சேதி பரவியிருந்தது. மெரில் ஒஹாயோவிலிருந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மற்றவர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. பெரிய தொப்பை வைத்த ஒருவர், மாமாவின் மேசைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "லூதர், இந்தக் கோழி சூப் சரியானதான்னு சொல்லுங்க. கிண்ணத்தோட அடியைக் கழட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். கூடமே சிரித்தது. மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்த மனிதர் தன்னுடைய கோட்டை நாற்காலியில் மாட்டியிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பாக்கெட்டில் கை விட்டபோது, அதில் ஒரு பீட்ரூட் முட்டை இருந்திருக்கும், கொஞ்சம் நசுங்கி. அது எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமைப் போட்டிக்கு மாமா போவதை நிறுத்தவில்லை. கடைசியாக வந்துகொண்டுதான் இருந்தார். இலக்குத் தாளை மடித்துக் கொண்டுவருவார். அதைக் காட்டித் திட்டு வாங்க ஆள் இல்லை என்பதால் நேரே அடுப்பில் போடுவார்.

மே மாதம் ஒருநாள் இராச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். வெளியே இன்னும் வெயில் இருந்தது. போன் அடித்தது. மாமா எடுத்தார். வீட்டுப் போனில் ஆமன் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"எந்த மாசம்னு சொன்னே?"

"எட்டுண்ணே. எட்டு, நாப்பத்தொன்பது."

"அந்த வருஷம் ஜூலைல எங்கப்பா விழுந்தாரு. முந்தின நாள்கூட அதாலதான் சுட்டாரு. ஆகஸ்ட் முழுக்க ஆஸ்பத்திரி. செப்டம்பர்ல போயிட்டாரு. எட்டாம் மாசம் அது கம்பெனியிலேர்ந்து வந்ததுன்னா யாரு அனுப்பினது?"

"தெரியலைண்ணே. உங்கம்மாவா?"

"எங்கம்மா துப்பாக்கி இருக்கிற ரூமுக்குள்ளயே வர மாட்டா. அது ஆறாம் மாசமா இருக்கும். ஆறுன்னா அப்பாவே அனுப்பினதுன்னு ஆகும்."

"எட்டுன்னுதான் படிச்சேன்."

"உன் கண்ணுக்கு நட்சத்திரமே கீறலாத் தெரிஞ்சுது. மறுபடி பாரு."

மாமா நிலவறைக் கதவைப் பார்த்தார். "பாக்கணும்னா மறுபடி ஸ்க்ரூவைத் திருப்பணுமே."

"அதான் ஏற்கெனவே கெடுத்து வெச்சிருக்கியே. திருப்பு. நான் போனை வைக்க மாட்டேன். அப்புறம் இன்னொண்ணு. உன் மேல எனக்குக் கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே."

மாமா ரிசீவரை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நிலவறைக்கு இறங்கினார். அவர் படியில் அவ்வளவு வேகமாக இறங்கி நான் பார்த்தது இல்லை. ரிசீவரில் ஆமன் மூச்சு விடுவது கேட்டது. எனக்கு அவரிடம் சொல்ல மூன்று குறும்புப் பேச்சுத் தயாராக இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

"யாரு, குரங்கா அது?" என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

"ஆமாங்க."

"அவன் சாப்பிடுறானா?"

"இன்னிக்குத்தான் ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டாரு. அதுக்குள்ள நீங்க கூப்பிட்டீங்க."

"சரி. வாயை மூடிக்கிட்டு இரு."

மாமா மேலே வரக் கால் மணி நேரம் ஆயிற்று. கையில் எண்ணெய்க் கறை. லென்ஸ் இன்னும் நெற்றியில் ஏறியபடியே இருந்தது. ரிசீவரை எடுத்தார்.

"எட்டுதாண்ணே. மேல் வட்டம் லேசாத்தான் பதிஞ்சிருக்கு. ஆனா வட்டம் இருக்கு. மூணு தடவை பாத்தேன். விளக்கை மூணு பக்கமும் வெச்சுப் பாத்தேன்."

அந்தப் பக்கம் சக்கர நாற்காலி கிரீச்சிட்டது. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அப்ப அம்மாதான்" என்றார் ஆமன், ரொம்பச் சின்னக் குரலில். "அவரு படுத்திருக்கும்போது புது முள் வைக்க அனுப்பியிருக்கா. திரும்பி வந்தா சுடட்டும்னு."

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ரிசீவரைக் கீழே வைக்கவே இல்லை. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போய்விட்டேன்.